தானத்தை அப்ரைசலில் சேர்க்காதீர்கள்: நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறையினருக்கும் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) குழுவினருக்கும்,

வணக்கம். நான் 18 வருடங்களாகச் சென்னையில் மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறவன். இதுவரை மூன்று நிறுவனங்கள். மூன்றிலும் தன்னார்வலர் குழுவில் இருந்திருக்கிறேன். ரத்ததான முகாமுக்கு ஆள் சேர்த்திருக்கிறேன், ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரை இழுத்திருக்கிறேன், புயல் நிவாரணத்துக்கு மாடி மாடியாக உண்டியல் தூக்கியிருக்கிறேன். இந்த வேலைகள் மேல் எனக்கு ரொம்பப் பிரியம். அதனால்தான் இந்த மடல்.

செப்டம்பர் வந்துவிட்டால் உங்கள் மேஜையில் அக்டோபர் திட்டம் ஏறிவிடும். 2009-ல் ‘ஜாய் ஆஃப் கிவிங் வீக்’ என்று தொடங்கி, இப்போது ‘தான் உத்சவ்’ என்ற பெயரில் அக்டோபர் 2 முதல் 8 வரை நடக்கும் வாரத்துக்காக எந்த ஏரி, எந்தப் பள்ளி, எத்தனை பஸ், எத்தனை டி-ஷர்ட் என்று கணக்குப் போடத் தொடங்குவீர்கள். இந்த வருடத் திட்டத்தை எழுதி முடிப்பதற்குள் என் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள்.

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றில் வெள்ளம் ஏறியது. மறுநாள் நகரமே நின்றுபோனது. 3-ஆம் தேதி காலை, ஓ.எம்.ஆரில் எங்கள் அலுவலகத்துக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் முப்பது பேர் கேன்டீனில் கூடினோம். யாரும் மின்னஞ்சல் அனுப்பிக் கூப்பிடவில்லை. அனுப்பினாலும் பார்க்க சிக்னல் கிடையாது. கேன்டீன்காரர் இருந்த அரிசி, புளி, எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். புளியோதரை கிளறியாகிவிட்டது. பொட்டலம் கட்ட வரிசையாக உட்கார்ந்தோம். எங்கள் டெலிவரி தலைவரும் உட்கார்ந்தார். 300 பேருக்கு மேலதிகாரி. ஆவி பறக்கிற சோற்றைக் கரண்டியால் அள்ளி பட்டர் பேப்பரில் வைத்து மடமடவென்று மடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா ஒருவர் அங்கே இருந்தார். செம்மஞ்சேரிக்காரர். அவர் வீட்டுக்குள்ளேயே முழங்கால் அளவு தண்ணீர். பிள்ளைகளை மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். தலைவர் மடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார். “சார், நிறுத்துங்க. சூட்டோட கட்டினா சாயங்காலத்துக்குள்ள ஊசிப்போயிடும். தாம்பாளத்துல பரப்பி முதல்ல ஆற விடுங்க. நல்லெண்ணெய் இன்னும் ஊத்தணும்.”

தலைவர் கரண்டியைக் கீழே வைத்தார். தாம்பாளம் எங்கே என்று கேட்டார்.

அந்த நிமிடத்திலிருந்து மூன்று நாள் அந்தக் கேன்டீன் அக்காவின் கையில்தான் இருந்தது. எந்தப் பொட்டலம் எந்த வண்டியில், குழந்தைகள் இருக்கும் தெருவுக்குப் பால் பவுடர் எவ்வளவு, எந்தச் சந்தில் ஆட்டோ போகும், எங்கே டிராக்டர்தான் போகும் — எல்லாம் அவர் சொல்ல நாங்கள் செய்தோம். அதுவரை அவரை ‘ஹவுஸ்கீப்பிங்’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த தலைவர் மூன்றாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜனவரியில் அலுவலகம் வழக்கத்துக்குத் திரும்பியதும் நான் கவனித்த ஒரு விஷயம்: கூட்டம் முடிந்ததும் காபிக் கோப்பையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் எங்கள் தளத்தில் நின்றுபோயிருந்தது. அதற்காக யாரும் போஸ்டர் ஒட்டவில்லை. தலைவர் தன் கோப்பையைத் தானே எடுத்துப்போய்க் கழுவினார். பார்த்தவர்களும் எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

தொண்டு வேலை ஓர் அலுவலகத்தை எப்படி மாற்றும் என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தக் கோப்பைகள்தான் ஞாபகம் வரும். தெரிந்தவர் சொல்ல, தெரியாதவர் கேட்டுக்கொள்ள, மூன்று நாளைக்கு அலுவலகப் படிநிலை தலைகீழாக நின்றது. அந்த மூன்று நாளின் மிச்சம் பிறகும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் உங்களிடம் சொல்ல வந்ததும் இதைத்தான். கொடுப்பதையும் உதவுவதையும் அந்தப் படிநிலை வழியாக, மேலிருந்து கீழே இறக்காதீர்கள். இறக்கினால் அது இன்னொரு ஆர்டராகிவிடும். மாற்ற வந்த பண்பாட்டை அது மாற்றாது. ஏற்கெனவே இருக்கிற பயத்தைக் கூட்டிவிடும்.

கூட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு நிறுவனத்தில் இருந்தபோது ஒரு இயற்கைச் சீற்றத்துக்கு நிவாரணம் திரட்டினார்கள். நல்ல காரியம்தான். மேனேஜர் ஓர் எக்செல் ஷீட்டை டீம் முழுவதற்கும் பகிர்ந்தார். இடது பக்கம் எங்கள் பெயர்கள், வலது பக்கம் தொகை. முதல் வரிசையில் அவர் தன் பெயருக்கு நேராக 5,000 போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவர் 3,000. இன்னொருவர் 3,000. மதியத்துக்குள் ஷீட் நிரம்பிவிட்டது, ஒரே ஒரு கட்டம் தவிர. சேர்ந்து இரண்டாவது மாதமே ஆகியிருந்த ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே காலியாக இருந்தது. சாயங்காலம் அங்கேயும் 2,000 வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து, டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் அவரே சொன்னார். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த 2,000 ஹாஸ்டல் தோழியிடம் வாங்கிய கைமாற்று. “அந்தக் கட்டம் மட்டும் வெள்ளையா இருந்துச்சுண்ணா. எல்லாரும் அதையே பார்க்கிற மாதிரி இருந்துச்சு.”

நம் ஊரில் மொய் எழுதும் மேஜை எல்லோருக்கும் தெரியும். இன்னார் இவ்வளவு என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள், நோட்டில் ஏறும், நாளை நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். மொய்யை நான் குறை சொல்ல மாட்டேன். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது திரும்பும் பணம் என்று தெரியும். இருவருக்கும் சமமான ஏற்பாடு. அந்த எக்செல் ஷீட் மொய் நோட்டின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பெயரும் தொகையும் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் நோட்டை வைத்திருப்பவர் நம் சம்பள உயர்வை எழுதுகிறவர். அவர் கேட்டால் அது கேள்வியாக நம் காதில் விழாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். என் மேனேஜர் நிஜமாகவே நல்லவர். அவருக்கு அந்தப் பெண்ணின் நிலைமை தெரிந்திருந்தால் தன் பணத்தைப் போட்டிருப்பார். ஆனால் தெரிய வழியில்லையே! புதிதாகச் சேர்ந்த பெண், அப்பாவின் சிறுநீரகத்தைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வார்?

இது ஒரு டீமில் நடந்த சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. கேட்டதில் தவறில்லை, அவ்வளவு பெரிய அழிவு. ஆனால் தர விருப்பமில்லாதவர்கள் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆணையில் ஒரு பிரிவு இருந்தது. கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்தியது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. அக்டோபர் 29 அன்று அங்கேயும் அதே முடிவுதான். ‘எனக்கு முடியாது’ என்று மேலிடத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்படி ஒருவரை நிறுத்தினால், அதன் பிறகு அவர் கொடுப்பதை விருப்பம் என்று சொல்ல முடியாது. 1936-ஆம் ஆண்டின் பழைய ஊதியச் சட்டத்தைப் பாருங்கள். பிரதமரின் நிவாரண நிதிக்கே ஆனாலும் தொழிலாளி எழுதிக் கொடுத்தால்தான் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று அதில் இருந்தது. சட்டம் ‘சரி’ என்பதை எழுதிக் கேட்டது. அந்த ஆணை ‘இல்லை’ என்பதை எழுதிக் கேட்டது. நம் அலுவலகங்களில் வரும் ‘வேண்டாதவர்கள் பதில் மின்னஞ்சல் அனுப்பவும், இல்லையேல் ஒருநாள் சம்பளம் பிடிக்கப்படும்’ என்ற அறிவிப்பு இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

ஆகவே முதல் வேண்டுகோள். வசூல் விஷயத்தில் மேனேஜரை முழுக்க விலக்கி வையுங்கள். அவர் கேட்கவும் வேண்டாம், பட்டியலைப் பார்க்கவும் வேண்டாம். தருபவர் சம்பளப் பிரிவுக்கு நேராக ஒப்புதல் கொடுக்கட்டும். தொகை அவருக்கும் அந்தப் பிரிவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மொத்தத் தொகையை எல்லோருக்கும் அறிவியுங்கள், சந்தோஷப்படுவோம். எத்தனை சதவீதம் பேர் கொடுத்தார்கள் என்று டீம் வாரியாகப் போட்டி மட்டும் வைக்காதீர்கள். பத்துப் பேர் இருக்கும் டீமில் 90 சதவீதம் என்று திரையில் வந்தால் அந்த ஒருவர் யார் என்று மீதி ஒன்பது பேருக்கும் தெரியும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். நிறைய இளைஞர்களுக்கு இதில் குழப்பம் இருக்கிறது. 2014 ஏப்ரல் 1 முதல், நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி — இந்த மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும். நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு. அது நிறுவனத்தின் பணம், நிறுவனத்தின் கடமை. நாங்கள் சம்பளத்திலிருந்து தருவது எங்கள் பணம். ஊழியர்கள் தொண்டு செய்த நேரத்தை ரூபாயாக மாற்றி சிஎஸ்ஆர் செலவாகக் காட்டக் கூடாது என்று நிறுவன விவகார அமைச்சகம் 2021-ல் விளக்கம் கொடுத்துவிட்டது. மராத்தான் மாதிரி ஒருநாள் கூத்துகள் சிஎஸ்ஆரில் சேராது என்று 2014-லேயே சொல்லியாகிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ஆண்டறிக்கையில் நிறுவனம் தந்ததையும் நாங்கள் தந்ததையும் ஒரே பக்கத்தில், ஒரே பெரிய எண்ணாகப் போடுகிறார்கள். தயவுசெய்து பிரித்துப் போடுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு கிடையாது. ‘வரிச்சலுகை உண்டு’ என்று மொத்தமாக எழுதும் சுற்றறிக்கையை நம்பிக் கொடுத்துவிட்டு மார்ச் மாதம் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். யார் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று ஒரு வரி சேருங்கள்.

அப்புறம் அப்ரைசல், அதாவது ஊழியரின் வேலையை எடைபோடும் ஆண்டு மதிப்பீடு. ‘ஆண்டுக்கு 8 மணி நேரம் சமூகப் பங்களிப்பு’ என்று இலக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஒருமுறை ஏரி சுத்தம் செய்யப் போனோம். 60 பேர் பஸ்ஸில் வந்தோம். காலை 7 மணிக்கு வருகைப் பதிவு, பேனர், குழுப் படம். 9 மணிக்குத் தண்ணீருக்குள் நின்றவர்களை எண்ணினேன், 14 பேர். மற்றவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வாரம் முழுக்க ராத்திரி 11 மணி வரை கான்ஃபரன்ஸ் கால், சனிக்கிழமையாவது பிள்ளையோடு இருக்கலாம் என்று நினைத்தவர்களை இழுத்து வந்திருந்தோம். அவர்கள் நிழலில் உட்கார்ந்து மணி பார்த்தார்கள். தண்ணீருக்குள் நின்ற பதினான்கு பேருக்கும் நிழலில் இருந்தவர்களுக்கும் அப்ரைசலில் ஒரே டிக். அடுத்த முறை அந்த 14 பேரிலும் பாதிப் பேர் வரவில்லை. விரும்பி வருகிறவரை ஒரு காசு செலவில்லாமல் விரட்டிவிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சரி, எப்படிச் செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். நான் கண்ணால் பார்த்து நன்றாக நடந்ததைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை, வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் டீமில் பேராவூரணிக்காரர் ஒருவர் இருந்தார். திறமைசாலி, ஆனால் கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார். ஆங்கிலம் தடுமாறும் என்ற கூச்சம். புயலுக்கு நான்கு நாள் கழித்து ஊரிலிருந்து திரும்பி வந்தவரிடம், பழைய துணி சேகரிக்கிறோம், பெட்டி வைத்திருக்கிறோம் என்று உற்சாகமாகச் சொன்னோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “துணி வேண்டாம்ணே. துணி ரோட்டோரம் மூட்டை மூட்டையா கிடக்கு, யாரும் பிரிக்கலை.” அப்போ என்ன வேண்டும்? தார்ப்பாய். கூரை போன வீடுகளுக்கு. மெழுகுவத்தி, கொசுவத்தி, தீப்பெட்டி. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆகும், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வாடகைக்குப் பணம். அப்புறம் மரம் அறுக்கும் இயந்திரம்.

கடைசியாகச் சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று. வாழ்நாள் முழுக்க வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்து வீட்டு வாசலையும் தெருவையும் அடைத்துக் கிடக்கின்றன. அவற்றை அறுத்து அப்புறப்படுத்தினால்தான் மனிதன் நடக்கவே முடியும், மறுநடவைப் பற்றி யோசிக்கவும் முடியும். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறார்கள், ஆளும் கிடைக்கவில்லை. அன்று மாலை துணிப் பெட்டியை எடுத்துவிட்டோம். அவர் பட்டியல் போட்டார், நாங்கள் வாங்கினோம். எங்கள் ப்ராஜெக்ட் டைரக்டர் அவரிடம் வந்து “அடுத்து என்ன செய்யணும்?” என்று கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொண்டு போனார். இரண்டு லோடு போனது.

பிப்ரவரியில் ஒரு பெரிய மென்பொருள் ரிலீஸ். எல்லோரும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் அந்தப் பேராவூரணிக்காரர் கையைத் தூக்கினார். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். பணம் திருப்பித் தரும் பகுதியில் ஒரு பிழை இருக்கிறது, இப்படியே வெளியிட முடியாது என்றார். டைரக்டர் மறுபேச்சில்லாமல் ரிலீஸைத் தள்ளிவைத்தார். நவம்பரில் அந்த ஆளின் வார்த்தையைக் கேட்டு நடந்து பழகியிருந்தார் அல்லவா. அந்தப் பிழை வெளியே போயிருந்தால் ஆகியிருக்கும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இரண்டு லோடு தார்ப்பாய் ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த லாபத்தைக் கணக்குப் பார்த்து யாரும் நவம்பரில் அவரிடம் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேட்காமல் கொடுப்பதால் வரும் வீண்செலவு பழைய துணியோடு நிற்பதில்லை. ஒரு அரசுத் தொடக்கப் பள்ளிக்குச் சுவர் ஓவியம் வரையப் போனோம். தூரிகையைத் தொடும்போதே சந்தேகம். அடியில் வேறொரு ஓவியம் தெரிந்தது. தலைமையாசிரியை அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த வருடத்தில் நாங்கள் மூன்றாவது கம்பெனி. முதலில் வந்தவர்கள் சோலைக்காடு வரைந்தார்கள், அடுத்தவர்கள் அதை அழித்துச் சூரியக் குடும்பம், இப்போது நாங்கள். “பிள்ளைங்களுக்குப் படம் பிடிச்சிருக்கு சார், அதுல குறையில்லை. கழிப்பறைக்குத் தண்ணி ஏத்துற மோட்டார்தான் எட்டு மாசமா ரிப்பேர்.” அன்று நாங்கள் வாங்கிப் போயிருந்த பெயின்ட் செலவில் மோட்டாரைச் சரி செய்து இன்னும் மிச்சம் இருந்திருக்கும். அந்த அம்மா முதல் கம்பெனியிடமே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். “கொடுக்க வந்தவங்ககிட்ட எப்படி சார் சொல்றது” என்றார்.

இது அந்த எக்செல் ஷீட்டுக்கு மறுபக்கம். அங்கே அந்தப் பெண்ணால் ‘இல்லை’ என்று சொல்ல முடியவில்லை, இங்கே இந்த அம்மாவால் முடியவில்லை. அதனால் போகிற இடத்துக்கு ஒரு மாதம் முன்னால் இரண்டே பேரை அனுப்புங்கள். டி-ஷர்ட் இல்லாமல், கேமரா இல்லாமல். உங்களுக்கு என்ன தேவை, நாங்கள் வராமலிருப்பதே நல்லதா என்று கேட்கட்டும். வருடத்துக்கு ஒரு பள்ளி என்று மாற்றாமல் ஒரே பள்ளிக்கு ஐந்து வருடம் போங்கள். மூன்றாவது வருடம் அந்த அம்மா தானாகவே போன் பண்ணி மோட்டார் ரிப்பேர் என்று சொல்வார்.

அடுத்தது நேரம். இதை நான் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவர் தேவை. ஸ்க்ரைப் என்பார்கள். சென்னையில் ஒவ்வொரு செமஸ்டரும் இவர்களுக்குத் திண்டாட்டம்தான். நான் முதன்முறை எழுதப்போனது எம்.ஏ. வரலாறு படிக்கும் ஒரு தம்பிக்கு. எழுதுபவர் மாணவரைவிட ஒரு படி குறைந்த படிப்பு படித்தவராக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி, நான் பி.ஈ., பொருந்தியது. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டியிருந்தது. ஆக மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம். காலை 10 முதல் மதியம் 2 வரை.

உட்கார்ந்ததும் அந்தத் தம்பி எனக்குப் பாடம் எடுத்தார். “அண்ணா, கேள்வியை ரெண்டு தடவை நிதானமா வாசிங்க. நான் யோசிக்கும்போது பேசாதீங்க. நான் தப்பாச் சொன்னாலும் தப்பாவே எழுதுங்க. மார்க்கு என்னோடதா இருக்கணும்.” உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறை என்று ஓர் எட்டு மதிப்பெண் கேள்வி. அவர் கண்ணை மூடிக்கொண்டு, பத்தி பிரிக்கும் இடம், அடிக்கோடு போடும் இடம் எல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஒரு வாக்கியம் கொஞ்சம் கோணலாக வந்தது. என் கை தானாக அதைத் திருத்தப் போனது. நிறுத்திக்கொண்டேன். சொன்னபடியே எழுதினேன். இரண்டாவது மணி நேரத்தில் விரல் மரத்துப்போய்விட்டது. கீபோர்டு தட்டியே பழகிய கை. அவர் கவனித்துவிட்டு, “ரெண்டு நிமிஷம் உதறிக்கோங்கண்ணா, நேரம் இருக்கு” என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் புகாரைப் படித்தேன். வழக்கமாக என்றால் அவர் என்ன சொல்ல வந்திருப்பார் என்று நானே யூகித்து, என் வார்த்தையில் மாற்றி எழுதி டெவலப்பருக்கு அனுப்பியிருப்பேன். அன்று அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். அதிலேயே பிழைக்கான காரணம் இருந்தது. அந்தத் தம்பியிடம் நான்கு மணி நேரத்தில் கற்றதை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

விஷயம் என்னவென்றால், அன்று நான் போனது என் சொந்த விடுப்பில். என் டீமில் இன்னும் மூன்று பேருக்கு எழுத ஆசை. தேர்வுகளோ பெரும்பாலும் வேலை நாளில்தான் வருகின்றன. சனிக்கிழமை என்றால் போங்கள், செவ்வாய்க்கிழமை முடியாது என்றார்கள். சனிக்கிழமை எங்கள் நேரம். அதைக் கொடுக்க எங்களுக்கு நிறுவனத்தின் அனுமதி தேவையில்லையே. நிறுவனம் தன் பங்காகக் கொடுக்கக்கூடியது அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான். முடியாத காரியம் இல்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் 1999-ல் தொடங்கியபோதே பங்கில் 1 சதவீதம், தயாரிப்பில் 1 சதவீதம், ஊழியர் நேரத்தில் 1 சதவீதம் என்று ஒதுக்கியது. அங்கே தொண்டுக்கென்று ஆண்டுக்கு 7 நாள் சம்பளத்தோடு கிடைக்கிறது. ஏழு வேண்டாம். இரண்டு நாள் கொடுங்கள். எந்த நாள், எந்த வேலை என்பதை ஊழியர் தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் ஸ்க்ரைபாகப் போகட்டும், ஒருவர் ரத்தம் கொடுக்கட்டும், ஒருவர் தன் கிராமத்துப் பள்ளிக்குப் போகட்டும். இரண்டு நாளையும் எடுக்காமல் விட்டவரை ஏன் என்று கேட்காதீர்கள். அவர் வீட்டில் படுக்கையில் ஒரு தாயார் இருக்கலாம். தினமும் அவர் செய்கிற தொண்டு உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வராது.

கடைசியாக, அந்த செம்மஞ்சேரி அக்காவிடம் திரும்பி வருகிறேன். அவரைப் பற்றி நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

வெள்ள நாட்களில் வேலை செய்தவர்களுக்கு நிறுவனம் ஒரு பாராட்டு விழா வைத்தது. எங்கள் முப்பது பேருக்கும் சான்றிதழ், ஒரு கேடயம். அக்காவுக்கு இல்லை. அவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல, ஒப்பந்ததாரரின் ஆள், பட்டியலில் பெயர் வராது என்றார்கள். சரி, விட்டுவிட்டோம். அது எங்கள் தவறு. ஜனவரி கடைசியில்தான் இன்னொன்று தெரிந்தது. டிசம்பர் சம்பளத்தில் அவருக்கு மூன்று நாள் பிடித்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை என்பது காரணம். பதிவேடு வைத்திருந்த மேற்பார்வையாளர் வெள்ளத்தில் வரவே இல்லை. எங்கே போய்க் கையெழுத்துப் போடுவது? எங்கள் எல்லோருக்கும் அந்த வாரச் சம்பளம் முழுதாக வந்திருந்தது, வீட்டில் இருந்தவர்களுக்கும் சேர்த்து.

அக்கா அதைப் பற்றி யாரிடமும் முறையிடவில்லை. வேறு ஏதோ பேச்சில் என்னிடம் சொன்னார். நாங்கள் டெலிவரி தலைவரிடம் போனோம். அவர் அன்றைக்கே பேசி, பிப்ரவரியில் பணம் வந்துவிட்டது. ஆனாலும் என்னால் அதை மறக்க முடியவில்லை. நாங்கள் ஊருக்கெல்லாம் சோறு கட்டிக்கொண்டிருந்தபோது, எங்களுக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்தவரின் கூலி எங்கள் கட்டடத்துக்குள்ளேயே பிடிக்கப்பட்டிருக்கிறது.

எத்தனையோ பேர் ஒவ்வொரு நாளும் எங்கள் மேஜையைத் துடைக்கிறார்கள், வாசலில் 12 மணி நேரம் நிற்கிறார்கள், ராத்திரி ஷிஃப்டில் எங்களை வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒருவருடைய பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட முடியாதபோது, மாடி மாடியாகக் கவர் ஒன்று சுற்றும். அதை எந்தச் சுற்றறிக்கையும் தொடங்கி வைப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் இன்னொரு செக்யூரிட்டி அண்ணன்தான் தொடங்குவார். கவரில் பெயர் இருக்காது, தொகை இருக்காது. சிஎஸ்ஆர் எங்கள் அலுவலகங்களுக்கு வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கவர் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நீங்கள் எடுத்து நடத்த வேண்டாம். ஊழியர்கள் அவர்களுக்காகத் திரட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நிறுவனம் ஒரு ரூபாய் போடட்டும். 2 சதவீதத்தில் காட்ட முடியாவிட்டால் மூன்றாவது சதவீதத்திலிருந்து போடுங்கள். தொண்டு விடுப்பு நாளை அவர்களுக்கும் கொடுங்கள், அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்ததாரரின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். திட்டக் குழுவில் அவர்களில் இருவருக்கு இடம் கொடுங்கள். எந்தத் தெருவில் ஆட்டோ போகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அக்டோபருக்கான மின்னஞ்சல் இன்னும் உங்கள் டிராஃப்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். ‘அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்’ என்ற வரி அதில் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரைப் தேவைப்படும் மாணவர்களின் தேர்வு அட்டவணை நவம்பரில் வந்துவிடும். விடுப்புக்கு வழி செய்தால், என் டீமில் அந்த மூன்று பேரும் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு மென்பொருள் சோதனையாளன்,
சோழிங்கநல்லூர், சென்னை